அண்ணனின் தட்டுக்கு ஓர் ஊசி

பேராதனை ஆஸ்பத்திரியில், அண்ணனின் குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆளைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் பேச்சு போய்விடும், கழுத்தில் வைக்கிற துவாரத்தால்தான் இனி மூச்சு என்றார். அண்ணன் யாரோ அடுத்த வீட்டுக்காரரின் வியாதியைக் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, மருந்து வரிசைக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். ஏற்கனவே அவர் குரல் தகரத்தில் மணலைத் தேய்த்த மாதிரி ஆகியிருந்தது.

"எடுக்கிறதுக்கு முந்தி அந்தத் தட்ட ஒருக்கா கேட்டுறணும், தங்கச்சி."

எனக்கு உடனே கோபம் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். பயமும் அழுகையும் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று வரும். எத்தனை நாள் ஆஸ்பத்திரி, எப்படிச் சாப்பாடு, வீட்டை யார் பார்ப்பது என்று யோசிக்க எவ்வளவோ கிடக்க, இந்த மனுஷனுக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பாட்டுத் தட்டு கேட்கிறது என்று பொரிந்து தள்ளினேன். அண்ணன் சிரித்தார். நான் கத்தினால் அவர் சிரிப்பார். சின்ன வயதிலிருந்தே எங்கள் வழக்கம் அது. கடைசியில், சரி கேட்கலாம் என்று சொல்லிவிட்டேன். வாய் லேசாகச் சொல்லிவிட்டது. பட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அண்ணன் பாடுவார், அப்பா தப்பு மேளம் அடிப்பார். ஒரு வருஷம் கூத்துப் பார்க்க டவுனிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், இந்தக் குரலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, அப்பாவையும் பிள்ளையையும் தன் செலவில் கொழும்புக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு ஒலிப்பதிவு அறையில் அண்ணன் பாடப் பாட, அதை அப்படியே தட்டில் வெட்டிக் கொடுத்தார்கள். மேளத்தை மட்டும் உள்ளே விடவில்லை. அந்தச் சத்தத்துக்கு வெட்டுகிற ஊசி துள்ளிவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். ஹந்தானையிலிருந்து சுமந்துபோன மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வெளியே உட்கார்ந்திருக்க, அண்ணன் உள்ளே தனியாகப் பாடினார். எனக்கு அப்போது நான்கு வயது. எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

கடையில் விற்கிற இசைத்தட்டுபோல அச்சில் வார்த்தது அல்ல அது. ஒரு அலுமினியத் தகடு, அதன்மேல் கறுப்புப் பூச்சு, பூச்சில் வெட்டிய கோடு, அவ்வளவுதான். உலகத்தில் அது ஒன்றே ஒன்று. ஊசி ஓடுகிற ஒவ்வொரு தடவையும் பூச்சு கொஞ்சம் தேய்ந்துபோகும். இது தெரியாமல் எங்கள் ஆட்கள் கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று இரவல் பிளேயர்களில் ஆணி மாதிரி ஊசிகளைப் போட்டு ஓட்டோ ஓட்டென்று ஓட்டியிருக்கிறார்கள். நான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். தட்டைக் கொண்டுபோய், இலை பார்க்கிற நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூச்சில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கோடுகளின் மேல்விளிம்பு மழுங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. பார்த்த மட்டில் எனக்கு விளங்கிவிட்டது: இது இன்னும் ஒரு முறை ஓடும். அதற்கு மேல் ஓடாது. அந்த ஒரு முறையில் அண்ணனும் கேட்க வேண்டும், நான் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

ஓட்டுவதற்கு அண்ணனிடம் ஒரு ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. தோட்டத்துத் துரை பங்களாவின் சாமான்களை ஏலம் போட்டபோது, மற்றவர்கள் அலுமாரியும் கதிரையும் எடுக்க, இவர் மட்டும் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்தார். நல்ல மெசின். மரப் பெட்டி, கனமான வட்டம், மெல்லிய கை. அந்தக் கையின் நுனியில்தான் தட்டின் கோட்டைப் படிக்கிற கார்ட்ரிட்ஜ் இருக்கும். பெருவிரல் அளவு பெட்டி, அதன் அடியில் ஊசி. மெசின் சுற்றியது. கை தூக்கியது, இறக்கியது. கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்க மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

வேறு யார், மதினிதான். சரஸ்வதி பூசைக்கு வீட்டிலுள்ள ஆயுதங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறபோது, தையல் மெசினுக்குத் தலையில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கு அலகில், சைக்கிளுக்கு ஹேண்டிலில் என்று ஒவ்வொன்றுக்கும் நெற்றி எது என்று பார்த்து வைப்பார். ரெக்கார்ட் பிளேயருக்கு நெற்றி அந்தக் கார்ட்ரிட்ஜ் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. வருஷா வருஷம், பன்னீரில் குழைத்துத் தாராளமாக. அது வழிந்து இறங்கி, ஊசியைத் தாங்குகிற பொடி ரப்பருக்குள் போய், சிமெந்தாகிவிட்டது. நான் எகிறினேன். மதினி அசையவில்லை. பாடுகிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல் மூளியாக விடச் சொல்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிளேன்டீ இருக்கிறதா என்று கேட்டார்.

ஆக, புதுக் கார்ட்ரிட்ஜ் வேண்டும். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், ஸ்பீக்கரும் அம்ப்ளிஃபையரும் விற்கிற முஸ்லிம் நாநா ஒருவரின் கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் வீட்டுக்கு டீவி வாங்க வந்தவள் என்று நினைத்து உள்ளே அழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடி அலுமாரியிலிருந்து சிவப்பு நிறத்தில் பிளாஸ்டிக் சாமான் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இத போடுங்க மிஸ். அடிச்சா வீடே அதிரும்."

எனக்கு வீடு அதிர வேண்டியதில்லை. ஊசி தட்டின்மேல் எவ்வளவு பாரத்தோடு நிற்கும் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பாரம் இருந்தால்தானே ஊசி ஒழுங்காக உட்காரும் என்றார். அந்த மாதிரிச் சாமானைப் பற்றி நான் ஏற்கனவே படித்திருந்தேன். என் தட்டு தாங்கக்கூடியதைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அது. வெடித்த பூச்சின்மேல் அதை வைத்தால் கலப்பை பிடித்து உழுத மாதிரித்தான். தட்டு தேய்ந்துவிடுமே என்றேன். எல்லாத் தட்டும் தேயத்தானே செய்யும் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் அங்கேயே ஒரு சண்டை பிடித்திருப்பேன். ஆனால் கண்டியில் இந்தச் சாமான் விற்கிற ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எதற்காக அவசரம் என்று முழுக்கதையையும் சொன்னேன். நாநா சிவப்புச் சாமானை எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்த வாரம் கூப்பிட்டு வேறொன்று காட்டினார். காந்தத்தில் வேலை செய்கிற, பாரம் குறைந்த, நல்ல சாதிக் கார்ட்ரிட்ஜ். யாரோ ஒருவர் அதிகம் பாவிக்காமல் வைத்திருந்ததாம். என் கை பரபரத்தது. வாங்கிக்கொண்டு நேராக ஆய்வுகூடத்துக்கே போனேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஊசியின் நுனி ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்து, விளிம்பு உளி மாதிரிக் கூராக நின்றது. அதிகம் பாவிக்காத சாமானின் இலட்சணம். அந்த உளியை அண்ணனின் தட்டில் வைத்திருந்தால் ஒரே ஓட்டத்தில் பூச்சை வழித்தெடுத்திருக்கும். படத்தைப் போனில் எடுத்து நாநாவுக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே நானும் போய் நின்றேன். இதையெல்லாம் யார் மிஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள் என்று அவர் ஆரம்பித்தார். நான் பார்க்கிறேன் என்றேன். அவர் படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, கொழும்பில் மச்சான் கடை வைத்திருக்கிறார், பெட்டி உடைக்காத புதுசாக எடுத்துத் தருகிறேன், எந்த ஊசி என்று மட்டும் முடிவு பண்ணுங்கள் என்றார்.

அந்த முடிவுதான் என் தூக்கத்தைத் தின்றது. ஒரே கார்ட்ரிட்ஜ் இரண்டு விதமான ஊசியோடு வரும். ஒன்று உருண்டை நுனி. அது கோட்டின் மேல்விளிம்பில் தங்கிப் போகும். தட்டுக்குச் சேதம் குறைவு. ஆனால் எங்கள் தட்டில் மேல்விளிம்பு முழுக்க மழுங்கிக் கிடக்கிறது. இரைச்சலுக்குள்ளே எங்கேயோ ஒரு பையன் பாடுவதுபோல்தான் கேட்கும். மற்றது நீள்வட்ட நுனி. ஒடுங்கியது. கோட்டுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். பழைய ஊசிகள் தொடாத இடத்தை அது தொடும். குரல் தெளிவாக வரும். ஆனால் ஒடுங்கிய நுனி அழுத்துகிற அழுத்தம் அதிகம். வெடித்த பூச்சை அது பெயர்த்துவிட்டால் பாட்டுப் பாதியில் போய்விடும், திரும்ப வைக்க ஒன்றுமிருக்காது. இன்டர்நெட்டில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் உருண்டை என்றார்கள், மீதிப் பேர் நீள்வட்டம் என்றார்கள், பிறகு என்னை மறந்துவிட்டு ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டார்கள். இவர்களில் ஒருவருக்கும் குரல்வளை போகப்போகிற அண்ணன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஹந்தானைக்கே போய் அண்ணனிடம் சொன்னேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை, பயமாயிருக்கிறது என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் வெயிலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றித் துவாயைப் போட்டிருந்தார். பேசுவதற்கு இடையிடையே நிறுத்தி மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

"உருண்டையப் போட்டா இரைச்சல் கேக்கும். மத்ததப் போட்டா பாட்டு கேக்கும், இல்லாட்டி ஒடையும். அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப என்னாத்துக்கு யோசிக்கிற? கேக்கிறதுன்னா கேக்கணும். பத்திரமா வச்சு என்னா செய்றது?"

நீள்வட்டத்தையே சொல்லிவிட்டேன். மச்சான் புதன்கிழமை பஸ்ஸில் போட்டு அனுப்புவதாகப் பேச்சு. செவ்வாய்க்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழை என்றால் சும்மா பெய்துவிட்டுப் போகாது, வந்து குடியிருக்கும். கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்து கொழும்புப் பாதையை மூடிவிட்டார்கள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் அட்டவணையில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, முன்னுக்கே செய்துவிடலாம், திங்கட்கிழமை காலையில் வந்து வார்டில் சேரச் சொன்னார்கள். டாக்டர்களுக்கு அது நல்ல செய்தி. மதினிக்கும் நல்ல செய்தி. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் போனை வைத்துவிட்டு, சமையலறையில் நின்று, ஒரு காரணமும் இல்லாமல் குழாயை மூடி மூடித் திறந்தேன்.

நாநாவுக்கு எடுத்தேன். திங்கட்கிழமை காலை என்றேன். அவர் உடனே, மச்சானையே காரில் வரச் சொல்கிறேன், குருணாகல் பக்கமாகச் சுற்றி வரட்டும் என்றார். அதற்கு முன்னால் அந்த மனிதரைப் பற்றி நான் வீட்டில் பேசியதையெல்லாம் நினைத்து அந்த நேரம் எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரை இடுப்பளவு தூக்கி வைத்துக் காத்திருந்தார். உள்ளே மச்சான் நனைந்த சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் சிகரெட் பெட்டி அளவு ஒரு பெட்டி. அதற்குத்தான் இவ்வளவும். ஊசியின் பாரத்தை அளக்க, பக்கத்து நகைக்கடையில் குண்டுமணித் தங்கம் நிறுக்கிற சின்னத் தராசையும் இரவல் வாங்கி வைத்திருந்தார். பணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் போங்கள் மிஸ், கரண்ட் போகும் போலிருக்கிறது என்று துரத்தினார்.

ஹந்தானை ஏற்றத்தில் ஆட்டோ முக்கி முக்கி ஏறியது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குழிக்கும் டிரைவரைத் திட்டினேன். அவர் பாதையைத் திட்டினார்.

கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது சின்ன வேலைதான். தலைமயிர் பருமனில் நான்கு நிற வயர்கள், இரண்டு சின்னத் திருகாணிகள். ஆய்வுகூடத்தில் இதைவிட நுணுக்கமான வேலை தினமும் செய்கிற நான் அன்றைக்கு ஒரே திருகாணியை மூன்று தரம் கீழே போட்டேன். அண்ணன் டோர்ச் பிடித்தார். வெளிச்சம் அசையவில்லை. நாளைக்குக் கழுத்தை வெட்டப்போகிறது இவருக்கா எனக்கா என்று தெரியவில்லை என்றேன். அவர் தோள் குலுங்கியது. டோர்ச் வெளிச்சமும் சேர்ந்து குலுங்கியது. சிரிக்காமல் பிடியுங்கள் என்று அதட்டினேன். தராசில் ஊசியை இறக்கி, பின்பக்கத்துப் பாரக்குண்டைத் திருகித் திருகி, இருக்க வேண்டியதில் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் வெளியே மழை இன்னும் ஒரு சுற்று வலுத்தது. பல்பு ஒரு முறை மங்கி மீண்டது.

தட்டை வைக்கப் போகிறேன், மதினி வருகிறார். கையில் சந்தனக் கிண்ணம்.

வேண்டாம் என்றேன். சொன்னேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. புதுச் சாமானுக்கு வைக்காமல் எப்படி என்று அவர் ஆரம்பிக்க, இன்னொரு அடி எடுத்து வைத்தால் கிண்ணத்தைத் தூக்கி வெளியே வீசிவிடுவேன் என்றேன். மதினி என்னைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார். பிறகு அண்ணனின் பக்கம் திரும்பி, அவர் நெற்றியில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். வைக்கும்போதே மதினியின் கண் கலங்கிவிட்டது. விரலில் மிஞ்சியதை, யாருக்கும் தொந்தரவில்லாமல், மெசினின் மரப் பெட்டியில் ஓர் ஓரமாகத் தடவிவிட்டுப் போய் வாசற்படியில் உட்கார்ந்தார்.

மெசினிலிருந்து வயரை நேராக மடிக்கணினிக்குக் கொடுத்திருந்தேன். ஊசி படிப்பது மட்டும்தான் பதிவாகும். மழையோ, நாய் குரைப்போ, நாங்கள் பேசுவதோ அதில் விழாது. அதற்காகத்தான் அப்படிச் செய்தேன். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அண்ணனுக்காக அறையின் மூலையில் வைத்தேன். அவர் கதிரையை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு, மெசினின் கையை இறக்கினேன்.

முதலில் சரசரவென்று அடுப்பில் விறகு பிடிக்கிற சத்தம். பிறகு அந்தக் குரல்.

நான் அந்தக் குரலைக் கேட்டதேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் ஒலித்தது வேறு ஏதோ கரகரப்பு. இது ஒரு பையன் இரண்டடி தூரத்தில் நின்று வாய்விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. வரிகளுக்கு நடுவில் அவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஒரு சொல்லில் எச்சில் விழுங்கினான். அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் உடைந்துவிடுவேன். கண்ணை ஊசியிலேயே வைத்திருந்தேன். ஊசியின் பின்னால் கறுப்பாக, நூல் மாதிரி ஏதோ சேர்ந்துகொண்டிருந்தது. பூச்சு உரிகிறது. தட்டு பாடிக்கொண்டே அழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மடிக்கணினியில் சத்தத்தைக் காட்டுகிற கோடு விட்டுவிட்டுத் துள்ளியதைக் கவனித்தேன். என்ன என்று பார்த்தால், அண்ணன் மெசினின் மரப் பெட்டியில் கையை வைத்து, விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டல் பெட்டி வழியாக ஊசிக்குப் போகிறது. ஒரு தட்டல் பலமாக விழுந்தால் ஊசி கோட்டை விட்டு எகிறிவிடும்.

"அண்ணே, கையை எடுங்க."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிகிற வரைக்கும் கரண்ட் போகவில்லை. பூச்சும் முழுதாகப் பெயரவில்லை. ஊசி கடைசிக் கோட்டுக்கு வந்து உள்வட்டத்தில் சுற்ற ஆரம்பித்ததும் கையைத் தூக்கினேன். தட்டின் மேல், பாட்டு இருந்த இடமெல்லாம் சாம்பலாக வெளுத்திருந்தது. இனி அது வெறும் தகடு. அண்ணன் வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாயிருந்ததா என்று கேட்டேன். நல்லாயிருந்தது என்றார். பிறகு, அந்தப் பயல் தாளத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறான் என்றார். மறுநாள் காலை வார்டில் சேர்த்தோம்.

ஆபரேஷன் நடந்த பகல் முழுக்க எனக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலையில்லை. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆளைக் கண்ணாடி வழியாகத்தான் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து, மனதுக்கு வேறு வேலை கொடுக்கலாம் என்று பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பையனின் குரலுக்கு அடியில் டொக் டொக்கென்று அந்தத் தட்டல். எரிச்சலாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு எடுத்ததில் இது ஒரு கறை. நாநாவுக்குப் போன் பண்ணி, அண்ணன் சுகமாயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, இதையும் சொன்னேன். அது ஒன்றுமில்லை மிஸ், அந்தச் சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டரில் உறிஞ்சி எடுக்கிற பிள்ளை ஒருவர் இருக்கிறார், அனுப்பிவிடுங்கள் என்றார்.

அனுப்புவதற்கு முன் எங்கெங்கே தட்டல் வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம் என இன்னொரு தடவை ஓடவிட்டேன். அப்போதுதான் காது திறந்தது. அது சும்மா போட்ட தட்டல் இல்லை. மூன்று அடி, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு விரைவாக. மாசி மாதத்தில் கூத்துக் களத்தில் சின்னப் பிள்ளையாக உட்கார்ந்து நான் கேட்ட அடி. அப்பா அடிக்கிற அடி. ஒலிப்பதிவு அறைக்குள் விடாமல் வெளியே உட்கார்த்தி வைத்த மேளத்தை, அண்ணன் விரலால் உள்ளே கொண்டுவந்திருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து, அதே தட்டில், அதே பையனுக்கு. ஊசி அதையும் சேர்த்தே படித்திருக்கிறது. பாட்டின் பாதி வரைக்கும் மேளம் இருக்கிறது. நான் கையை எடுக்கச் சொன்ன இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பையன் தனியாகப் பாடுகிறான்.

அன்றைக்குத்தான் நான் அழுதேன். வரிசையில் காத்து நின்றதெல்லாம் ஒன்றாக வந்தது. நாநாவுக்கு எடுத்து, அனுப்பவில்லை, அந்தச் சத்தம் அங்கேயே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று மத்தியானம் போனேன். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் குழாய், மூக்கில் குழாய். நெற்றியில் அந்தச் சந்தனத்தின் தடம்கூட இல்லை; எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். பழக்கம். சத்தம் வரவில்லை, காற்று கழுத்தால் போனது. அந்த நேரம் அவர் கண்ணில் தெரிந்ததை நான் இன்றைக்கும் மறக்க முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன். இயர்போனை அவர் காதில் மாட்டி, போனில் பாட்டைப் போட்டேன். இன்னொரு முனையை என் காதில் வைத்துக்கொண்டேன்.

சரசரப்பு. குரல். குரலுக்கு அடியில் மேளம். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், மேளம் கேட்டதும் திறந்து என்னைப் பார்த்தார். ஆமாம், உங்கள் விரல்தான் என்று தலையாட்டினேன். பாட்டுப் போனது. அந்த இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். போனைப் பறித்துவிடலாமா என்றுகூட இருந்தது. வந்தது. மேளம் நின்றது. பையன் மட்டும் பாடினான். அண்ணன் ஒரு கணம் காத்திருந்தார். அப்புறம் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கையை நீட்டி, கட்டிலின் இரும்புக் கம்பியில், நின்ற அடியிலிருந்தே ஆரம்பித்தார்.

இரும்பு கணீரென்று கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் நின்று, நோயாளிகள் தூங்குகிறார்கள், கட்டிலில் தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார் சிங்களத்தில். நான் எழுந்து கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். பாட்டு முடியட்டும் மிஸ் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அவர் வண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பின்னால் அண்ணன் கடைசி அடி வரைக்கும் அடித்தார்.